வாய்தா என்றால் வாக்குறுதி

கீழமை நீதிமன்றங்களின் மாண்புமிகு நீதிபதிகளுக்கும், வழக்கறிஞர் சங்கப் பெரியோர்களுக்கும் வணக்கம்.

கணவரின் குடும்பச் சொத்தில் தம் பங்கைக் கேட்டு என் பெரியம்மா தொடுத்த பாகப்பிரிவினை வழக்கு, அவரைக் குறுக்கு விசாரணை செய்வதற்காகச் சென்ற வாரம் பட்டியலில் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் வேறொரு நீதிமன்றத்தில் இருப்பதாக அவருடைய ஜூனியர் எழுந்து சொன்னவுடன், எந்தக் கேள்வியும் இன்றி அடுத்த மாதத்துக்கு வாய்தா கொடுக்கப்பட்டது. இது நீங்கள் நாள்தோறும் காண்பதுதான் என்பதால் வழக்கின் விவரங்களை நான் விரிக்கவில்லை.

ஆனால் உங்கள் இருக்கையிலிருந்து தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுபது வயதைக் கடந்த, சர்க்கரை நோயுள்ள அந்த அம்மா, வாய்தா நாள்களில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை வளாகத்தின் மறு கோடியில் இருக்கிறது; போய் வருவதற்குள் டவாலி பெயரைக் கூப்பிட்டுவிட்டால், ஆள் வரவில்லை என்று வழக்கே தள்ளுபடியாகிவிடுமோ என்று அஞ்சுகிறார். சர்வே எண்களையும் பத்திரத் தேதிகளையும் முணுமுணுத்தபடி, நாக்கு வறண்டு, தாழ்வாரத்தில் நிற்கிறார். வர இயலாத வக்கீலுக்குக் கிடைக்கும் பரிவு, வந்து நிற்கும் முதியவருக்கு ஏன் கிடைப்பதில்லை?

வாய்தா என்ற சொல்லுக்கும் நம் ‘வாய்’க்கும் உறவில்லை. வாக்குறுதியைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து கிளைத்து, பாரசீகம், உருது வழியாக அது தமிழுக்கு வந்தது. நிலவரி செலுத்த வேண்டிய தவணையையும் நம் மக்கள் வாய்தா என்றே அழைத்தார்கள். அதைத் தவறவிட்ட குடியானவருக்கு ஜப்தி காத்திருந்தது. குடிமக்கள் கொடுக்க வேண்டியபோது அவர்களைக் கட்டிப்போட்ட அதே சொல், அவர்களுக்கு நீதி கிடைக்க வேண்டிய இடத்தில் தள்ளிப்போடுதல் என்று பொருள் மாறி நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டமும் இதை ஏற்கவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் கட்டளை, விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது என்கிறது. வக்கீல் வேறு நீதிமன்றத்தில் இருப்பது காரணமாகாது என்றும் வெளிப்படையாகவே சொல்கிறது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தவிர்க்க முடியாத சூழல்களுக்கு இடமளித்தபோதிலும், வாய்தா எவருடைய உரிமையும் அல்ல என்று தெளிவுபடுத்தியது. ஆகவே நான் புதிய சட்டம் எதையும் கேட்கவில்லை. வாய்தா கொடுக்கும்போது அதன் காரணத்தை எழுதுங்கள். கேட்ட தரப்பிடமிருந்து செலவுத்தொகை வாங்கி, வந்து காத்திருந்தவருக்குக் கொடுங்கள்.

நீதிபதிப் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதையும், ஒரே நாளில் உங்கள் மேசையில் குவியும் கட்டுகளையும் நான் அறியாதவன் அல்லன். அந்தப் பாரத்தை உங்கள் மேல் ஏற்றியவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. எனினும் காரணத்தை ஒரு வரியில் எழுதுவதற்குப் புதிய பணியிடம் எதுவும் தேவையில்லை. வழக்கறிஞர் பெருமக்களும், வர இயலாது என்பது முன்பே தெரிந்தால், முந்தைய நாள் மாலைக்குள் எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கும் வழக்கத்தைத் தங்கள் சங்கங்களின் வழியே உருவாக்க வேண்டும்.

பெரியம்மாவின் குறுக்கு விசாரணை அடுத்த மாதம் மீண்டும் பட்டியலில் வருகிறது. அன்றைக்கும் வாய்தா கேட்கப்பட்டால், காரணம் எழுதப்படட்டும், செலவுத்தொகை விதிக்கப்படட்டும் என்று மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாதியின் தங்கை மகன்