என்னைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

வணக்கம். செய்யாறு பக்கத்தில் 22 வருடமாகத் தெருக்கூத்தில் கர்ணன் கட்டுகிறவன் நான்.

எங்கள் பக்கம் கருமாதி வீடுகளில், கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சம் கூத்து ஆடுவது வழக்கம். போன வருடம் தை மாதம் என் தம்பி இறந்தான். அவனுடைய கருமாதியிலும் நான்தான் கர்ணன். ஊரே மெச்சியது. அதற்கப்புறம் எந்தச் சாவு வீட்டுக்கு ஆடப் போனாலும் மாலை போட்ட படத்தில் அவன் முகம்தான் தெரிந்தது. விடிய விடிய ஆடிவிட்டு வந்தாலும் பகலில் தூக்கம் இல்லை. வைகாசியில் ஓர் ஊரில், கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில் பாட்டு நின்றுவிட்டது. கிரீடத்தோடு அப்படியே சபையில் உட்கார்ந்துவிட்டேன்.

பொன்னுருவி வேஷக்காரருக்குத்தான் முதல் நன்றி. என் பாட்டையும் தானே எடுத்துப் பாடி, கூத்தை நடத்திக்கொண்டு போகும் கட்டியங்காரனுக்குக் கண் காட்டி, கூத்து நிற்காமல் என்னை உள்ளே கூட்டிப் போனார். பேய் பிடித்திருக்கிறது என்று பேச்சு கிளம்பியபோது, “அவருக்கு மனசு சரியில்லை, அவ்வளவுதான்” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கிருந்த கூச்சம் அந்த வார்த்தையில்தான் போனது.

விடிந்ததும் 14416க்குப் போன் போட்டதும் அவர்தான். அரசாங்கத்தின் மனநல உதவி எண். எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. எடுத்துப் பேசிய பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. தம்பியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அவன் போனபிறகு அவனைப் பற்றி அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. அம்மா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம், மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் ஐயாவுக்கு. முதலில் போன ஓர் இடத்தில் ‘ராத்திரி சாப்பாட்டுக்குப் பின்’ என்று மாத்திரை எழுதித் தந்தார்கள். பத்து மணிக்கு ஆட்டம் தொடங்குகிறவன் அதைப் போட்டுக்கொண்டு எப்படி ஆடுவது? நிறுத்திவிட்டேன். நீங்கள்தான் கூத்து எத்தனை மணிக்கு முடியும், எப்போது படுப்பீர்கள் என்று கேட்டு, பங்குனி முதல் ஆடி வரை ஒரு நேரம், மழைக்காலத்துக்கு ஒரு நேரம் என்று மாற்றித் தந்தீர்கள். கூத்தாடிகளைப் பார்க்கும் எல்லா டாக்டர்களும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எங்கள் ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, நடத்தும் வாத்தியார் மூன்று மாதம் என்னைக் கருமாதிக் கூத்துக்கு அனுப்பவில்லை. பங்கில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவும் இல்லை. ஆடினால்தான் பங்கு என்கிற தொழிலில் அது ஜமாவில் மற்றவர்கள் விட்டுக்கொடுத்த காசு. அவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி.

இப்போது எங்கள் அரிதாரப் பெட்டி மூடிக்குள் 14416 என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். முகம் எழுத உட்காரும்போது எல்லோர் கண்ணிலும் படும். மற்ற ஜமாக்காரர்களும் ஒட்டிவையுங்கள்.

இந்தப் பங்குனியில் மறுபடியும் கர்ணன் கட்டுகிறேன். பொன்னுருவி அவரேதான்.