ஆட்டைப் பார்க்க வந்த அக்காவுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் நாங்கள் கிடந்தது உங்களுக்கே தெரியும். கூடவே நின்றவர்களிடம் அதைத் திரும்பச் சொல்ல மனம் வரவில்லை. இப்போது வீட்டில் இரண்டு வேளை உலை வைக்கிறோம், மூன்றாவது வேளைக்கும் பெரும்பாலும் வழி இருக்கிறது. வேலை பிடித்துக்கொண்டால் நன்றி சொல்வது தள்ளித் தள்ளிப் போய்விடும், அதனால் இன்றே உட்கார்ந்துவிட்டேன்.

ஆடு வாங்கித் தந்தவர்கள், விதை கொடுத்தவர்கள், வாராவாரம் வந்து வரவு செலவு எழுதப் பழக்கிய தம்பி, குழுவில் என் சேமிப்புப் பணத்தைத் தங்கள் கையிலிருந்து கட்டிய பெண்கள், எல்லோருக்கும் என் கும்பிடு. ஆடு பலன் தரும்வரை மாதாமாதம் தானியம் கொடுத்தீர்களே, அதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். ஆடு சினைப்பட்டுக் குட்டி போட ஐந்து மாதம். பசி ஐந்து மாதம் காத்திருக்குமா? அந்த மூட்டை வராமல் இருந்திருந்தால் ஆட்டை விற்றுத்தான் தின்றிருப்போம். இதற்குமுன் ஆட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அந்த ஆடுகள் என்ன ஆயின என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சரி, நான் எழுத வந்தது ஆடுகளுக்கு மருந்து போட வரும் கால்நடை அக்காவைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அவருடைய வேலை ஆடுகளோடு முடிந்துவிடும். குடற்புழு மருந்து கொடுக்கலாம், ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போடலாம், நோட்டில் குறித்துக்கொண்டு கிளம்பலாம். அன்று கிளம்பும்போது வாசலில் மேய்ந்த கோழிகளைப் பார்த்து, "இதுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் மருந்து போட்டாச்சா?" என்று கேட்டார். கோழிகளைக் கொல்லும் தொற்றுநோய் அது. ஆறு கோழிக்கு யார் அக்கா வந்து மருந்து போடுவார்கள் என்றேன். நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த மருந்து நூறு, இருநூறு கோழிக்கு என்று ஒரே குப்பியில் வரும். கரைத்துவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், மிச்சத்தை எடுத்துவைக்க முடியாது. பண்ணைக்காரருக்கு அது சரி. வாசல் கோழிக்கு?

அக்கா பதில் சொல்லவில்லை. தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கி, யாரிடம் எத்தனை கோழி என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஒருநாள், இருட்டிய பிறகு, ஐஸ் போட்ட பிளாஸ்கும் டார்ச்சுமாக வந்து நின்றார். பகலில் கோழியைத் துரத்தினால் தெருவெல்லாம் சுற்ற வைக்கும். அடைந்த பிறகு பூ மாதிரி கையில் வரும். மகள் டார்ச் பிடிக்க, நான் பஞ்சாரத்தைத் தூக்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கண்ணில் ஒரே சொட்டு. உடனே விட்டுவிடக் கூடாது. அது கண்ணை மூடித் திறக்கும்வரை பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் தலையை உதறி மருந்தைச் சிந்திவிடும். சுணங்கிக் கிடந்த ஒரு கோழியை மட்டும் ஒதுக்கினார். இது நோய் வராமல் தடுக்கிற மருந்து, வந்த நோயைக் குணமாக்காது என்றார். கடைசி வீட்டை முடித்தபோது பாதித் தெரு தூங்கிவிட்டது. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

அப்புறம் அக்கம்பக்கத்தில் கழிச்சல் வந்து போனது. எங்கள் தெருக் கோழிகள் தப்பின.

கணக்குத் தம்பி முன்பு சொன்ன ஒரு விஷயம் இப்போதுதான் உறைக்கிறது. எங்களுக்குச் செய்தது போன்ற உதவியை வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் 2002-இல் தொடங்கியதாம். எத்தியோப்பியா, கானா, இந்தியா, பாகிஸ்தான், பெரு, ஹோண்டுராஸ் என்று ஆறு நாடுகளில் அதைச் செய்து பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். உதவி நின்று ஒரு வருடம் ஆன பிறகும் அந்தக் குடும்பங்கள், உதவி கிடைக்காதவர்களைவிடப் பெரும்பாலும் மேலாகவே இருந்தன. ஹோண்டுராஸில் மட்டும் சொத்துக் கணக்கு இறங்கிவிட்டது. அங்கே பலருக்கும் கிடைத்தது கோழி. நோய் வந்து நிறைய செத்துப்போயின. கொடுத்தவர்கள் மனசு அங்கேயும் நல்ல மனசாகத்தான் இருந்திருக்கும்.

கோழியை நாங்களே ஒரு வருமானமாக மதித்ததில்லை. ஆனால் மழை பொய்த்தால் பயறு போய்விடும், ஆட்டை அவசரத்துக்கு விற்றால் பாதி விலைக்குத்தான் கேட்பார்கள். பள்ளிக்கூட நோட்டுக்கும் காய்ச்சல் மாத்திரைக்கும் முட்டையும் சேவலும்தான் கைகொடுக்கின்றன. அடை வைத்தால் 21-ஆம் நாள் குஞ்சு. பயறுக்கு இரண்டரை மாதம், குட்டிக்கு ஐந்து மாதம், நட்ட மரத்துக்கு வருஷக்கணக்கு. ஒன்று ஏமாற்றும்போது இன்னொன்று கையில் இருக்கட்டும் என்றுதானே இத்தனையையும் செய்யச் சொன்னீர்கள்? முட்டையை முழுக்க விற்பதுமில்லை. பிள்ளைகளுக்கு எடுத்துவைத்தது போகத்தான் மற்றது.

அக்காவிடம் சொட்டு போடக் கற்றுக்கொண்டேன். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டுமாம். இனி எங்கள் தெருவுக்கும் பின்தெருவுக்கும் நானும் மகளும் வருவோம், அக்கா குப்பியை மட்டும் வாங்கித் தந்தால் போதும். எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறேன். அன்று சாயங்காலமே கோழிகளை அடைத்து வையுங்கள். மரத்தில் ஏறி அடைகிற கோழி வைத்திருப்பவர்கள் ஏணியையும் எடுத்து வைத்துவிடுங்கள்.