பெரிய பல்பு வேண்டாம், ரிலே போடுங்கள்: காரைக்குடி வட்டார ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும், வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் என்று நம் பக்கத்துப் பட்டறைகளில் இன்னும் அம்பாசிடரும் மாருதி 800-ம் வந்து நிற்கின்றன. இரண்டும் 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டிகள். ஆனாலும் கல்யாணம், கோயில் என்று நம் வீடுகளில் அவற்றுக்கு ஓய்வில்லை. "லைட்டு மங்கலா எரியுதுண்ணே" என்று யாராவது வந்தால், பல பட்டறைகளில் உடனே கைக்கு வருவது 100/90 வாட் பல்பு (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90). அந்தப் பழக்கத்தை விட்டு, சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே என்ற சுவிட்சைப் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

பழைய வண்டியில் பல்புக்குப் போகும் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு வரை வந்து, லைட் சுவிட்ச், டிம் சுவிட்ச் இரண்டையும் தாண்டித்தான் முன்னால் போகிறது. 60/55 வாட் எச்4 பல்பு இரண்டும் பிரைட்டில் எரிந்தால் 10 ஆம்பியர். 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் 5 மீட்டர் சுற்றினால் அதிலேயே 0.9 வோல்ட் அளவுக்கு வீணாகிவிடும். தேய்ந்த சுவிட்ச் முனையும் பச்சை பூத்த எர்த்தும் தின்பது தனிக்கணக்கு. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். அதே ஒயரில் 100 வாட் பல்பைப் போட்டால் கரண்ட் 16 ஆம்பியரைத் தாண்டும். இழப்பும் கூடும், சுவிட்சும் சூடேறி உருகும். எச்4 பல்புக்கு உரிய வாட் அளவையும் அது மீறுகிறது.

ரிலே போட்டால் பழைய சுவிட்ச் சுமப்பது ரிலே காயிலுக்கான 0.2 ஆம்பியர் அளவு மட்டும். பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து நேராக ரிலேயின் 30-ம் எண் காலில் ஏறி 87-ம் எண் காலில் இறங்கும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே போதும். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனியாக. பியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரே ஒயர் இழுத்துவிடும் வேலையையும் பார்க்கிறேன். பாடியில் உரசினால் வண்டியே எரிந்துவிடும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எர்த்தையும் புதிதாக இழுங்கள். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருந்தால் மழைத்தண்ணீர் தங்காது. சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு காயிலின் கால்களான 85, 86-ஐ இணையுங்கள்.

எல்இடி கிட்டும் இதற்கு மருந்தில்லை. இழை பல்புக்காகச் செய்த கண்ணாடியில் அதன் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசும்.

எதிரே வருபவர் என்றால் வண்டிக்காரர் மட்டுமா? தைப்பூசத்துக்கு நம் நகரத்தார் காவடியும் அதோடு எத்தனையோ ஊர்ச் சனமும் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். வெயிலுக்கு முந்த வேண்டுமென்று விடியுமுன்பே கிளம்பிவிடுகிறார்கள். மங்கல் விளக்கு அவர்களைக் காட்டாது; கூசும் விளக்கோ எதிரே வரும் டிரைவருக்கு அவர்களை மறைத்துவிடும். இந்த வேலை எனக்கு முக்கியமாகப் படுவதே அதனால்தான். ரிலே போட்டதும் விளக்கின் தாழ்வையும் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

ஒன்று மட்டும் வழக்கமாக்குங்கள். என்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பல்பு ஹோல்டரின் பாசிட்டிவிலும் வைத்து, வண்டிக்காரர் கண் முன்னாலேயே அளந்து காட்டுங்கள். பல்பின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் அப்படியே. மீட்டர் காட்டுவது வழியில் வீணாகும் வோல்ட்; அது அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ரிலே போடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் திரும்ப அளந்து, முந்திய அளவையும் பிந்திய அளவையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். கூலி கூடுதலாகக் கேட்டாலும் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
கானாடுகாத்தான் அம்பாசிடர்காரர் ஒருவர்