விலையேற்றம் அடங்கியது, விலை இறங்கவில்லை

ஆசிரியருக்கு,

மேலை நாடுகளில் பணவீக்கம் தணிந்ததால் நம் ஏற்றுமதி தானாக மீளும் என்ற கருத்தை ஏற்க முடியவில்லை. அங்கே விலையேற்றம்தான் அடங்கியது. ஏறிய விலை இறங்கவில்லை. அந்த ஏற்றத்தை அடக்க, அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்கு உயர்த்தியது.

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிலுக்கு இது நேரடி அடி. மேலை நாடுகளில் வட்டி கூடினால் ஜெர்மனி இறக்குமதியாளர் கிடங்கில் சரக்கைத் தேக்கமாட்டார். ஆர்டரைச் சிறு லாட்டுகளாக உடைப்பார்; பணம் செலுத்தும் 60 நாள் தவணையை 90 ஆக்கச் சொல்வார். ஒரு கோடி ரூபாய் பில்லுக்கு 9 சதவீத வட்டியில் அந்த 30 நாளுக்கே சுமார் 74,000 ரூபாய் நம் தலையில் ஏறுகிறது.

அரசுகளின் கடன் இன்னும் கவலை தருகிறது. 2024 நிதியாண்டில் அமெரிக்க அரசு கட்டிய நிகர வட்டி ராணுவச் செலவையே மிஞ்சியது. அடுத்த மந்தத்தில் தாராளமாகச் செலவழிக்க அவர்களுக்குக் கை நீளாது.

2022 ஜூலையில் யூரோ டாலருக்குச் சமமாக விழுந்ததை மறக்கலாகாது. யூரோவில் விலை பேசுவோர் ஆர்டர் உறுதியான அன்றே பாதித் தொகைக்காவது வங்கியில் ஃபார்வர்டு (பின்னாளில் வரும் யூரோவுக்கு இன்றே மாற்று விகிதத்தை உறுதிசெய்யும் ஒப்பந்தம்) போட வேண்டும். முழுத் தொகைக்கும் போட்டபின் ஆர்டர் குறைந்தால், ரத்துச் செலவும் நம்முடையதே.

வாசகர், வேலூர்