சீட்டாடினார் என்று போட்டால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழில் எங்கள் பல் டாக்டருக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி வந்திருந்தது. கோயில் திருப்பணி, இலவச மருத்துவ முகாம், பேரன் பேத்திகள் பெயர் எல்லாம் இருந்தன. 38 வருடம் ஞாயிறு தவறாமல் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் ஆடியவர் என்பது மட்டும் இல்லை. மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “சீட்டு விளையாடினார்னு பேப்பர்ல போட்டா நல்லாவா இருக்கும் மாமா?” என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டவர்கள் கதையைத்தானே தினமும் படிக்கிறோம்.

எங்கள் மேசையில் காசு வந்ததே கிடையாது. டாக்டர் வீட்டு மாடியில் இரண்டு மேசை, எட்டுப் பேர். ஒரு மேசையில் ஆடிய 52 சீட்டும் கலையாமல், அவரவர் 13 சீட்டோடு, பலகையில் செருகி அடுத்த மேசைக்குப் போகும். அங்கேயும் அதே சீட்டுதான். யார் மூளையால் ஆடினார்கள் என்று கடைசியில் தெரிந்துவிடும். ‘எனக்கு நல்ல சீட்டே வரல’ என்று அழ வழியில்லை. 1967-இல் ரம்மி வழக்கில் உச்ச நீதிமன்றமே பிரிட்ஜை உதாரணம் காட்டித்தான் ரம்மி திறமை ஆட்டம் என்றது. எங்கள் வக்கீல் சார் இதை மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் ஜோடி நாங்கள்: டாக்டர் தெற்கு, நான் வடக்கு. இத்தனை சுற்று, அதாவது பிடி, எடுப்போம் என்று துணிச்சலாக ஏலம் கேட்பார். ஏலத்தை எடுத்தால் என் சீட்டையும் சேர்த்து ஆடுவதும் அவர்தான். நான் சீட்டை விரித்து வைத்துவிட்டு எதிர்க்கடையில் டீ வாங்கப் போய்விடுவேன். அந்த விரித்த கைக்கு எல்லாரும் ‘டம்மி’ என்போம். தமிழாசிரியர் மட்டும் ‘ஊமைக் கை’ என்பார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. தபால் ஆபீஸ் அம்மா ஒருவர் இருந்தார். போட்ட சீட்டு ஒன்றையும் மறக்க மாட்டார். டாக்டரே பயந்தது அவருக்கு மட்டும்தான். கொரோனாவில் போனார். கடைசியாக முகம் பார்க்கக்கூட யாரும் போக முடியவில்லை.

ஒருமுறை மதுரையில் போட்டி. கிளாவர்களுக்கு நடுவே ஒரு இஸ்பேடு ஒளிந்திருந்ததைக் கவனிக்காமல், இஸ்பேடு இறங்கியபோது துருப்பைப் போட்டு வெட்டிவிட்டேன். கையில் அந்த இனம் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். விஷயம் வெளியே வந்தது, பிடிகளை எதிராளிக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று, ஆட்டமும் போயிற்று. டாக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. ரயிலில் திண்டுக்கல் தாண்டியும் பேசவில்லை. மணப்பாறையில் முறுக்கு வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டி, “நாளைக்கே போய்க் கண்ணாடிய மாத்துங்க” என்றார். அவ்வளவுதான்.

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதன்முறையாக பிரிட்ஜ் சேர்த்தார்கள். பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கினார்கள். பர்தனுக்கு அப்போது 60 வயது. அன்று டாக்டர் எட்டு வீட்டுக்கும் ஜாங்கிரி அனுப்பினார். அவருக்குச் சர்க்கரை இருந்தது, அது வேறு விஷயம்.

எட்டில் இப்போது மிச்சம் நானும் வக்கீல் சாரும்தான். இரண்டு பேரை வைத்துக்கொண்டு பிரிட்ஜ் ஆட முடியாது. பழைய ஸ்கோர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, யார் எங்கே தப்பு விட்டார்கள் என்று போனில் சண்டை போடுகிறோம்.

அடுத்த மாதம் தமிழாசிரியர் நினைவு நாள். விளம்பரம் நான்தான் தரப்போகிறேன். அவர் மகளிடமும் கேட்டாயிற்று, சரி என்றார். பெயருக்குக் கீழே ‘ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பிரிட்ஜ் ஆட்டக்காரர்’ என்று இருக்கும். இடம் போதவில்லை என்றால் என் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள், அந்த இரண்டு சொல்லை எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே கணக்கர்,
பொன்மலை, திருச்சி.