ஒன்பது வயதில் ஒரு முத்திரை

ஆசிரியருக்கு,

என் மகள் படிக்கும் பள்ளியில், அவள் எந்த வழியில் கற்பவள் என்று அறிய ஒரு வினாத்தாளை நிரப்பச் சொல்லி, 'இவள் பார்த்துக் கற்பவள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பாடத்தை வாசித்துக் காட்டினால், "கேட்டால் எனக்கு ஏறாது, அம்மா" என்கிறாள். ஒன்பது வயதுக் குழந்தை!

குழந்தைகளைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் எனப் பிரிப்பதைக் 'கற்றல் பாணி' என்கிறார்கள். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த உளவியலாளர்கள் நால்வர் 2008-லேயே எழுதிவிட்டார்கள். நுண்ணறிவு ஒன்றல்ல, மொழி, இசை, கணிதம் எனப் பல வகை என்னும் பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை 1983-இல் முன்வைத்த அமெரிக்க உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னரும், தாம் சொன்னது கற்றல் பாணி அல்ல என்று பின்னர் விளக்கினார்.

ராகத்தைக் கேட்டுத்தான் அறிய முடியும், வரைபடத்தைப் பார்த்துத்தான். அது பாடத்தின் இயல்பு, குழந்தையின் வகை அல்ல. இந்த வினாத்தாள்களைப் பள்ளிகள் உடனே கைவிட வேண்டும்.

ஒரு தாய், மதுரை