ஜி-ஹெச் அங்க சும்மா உட்காரல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல இங்கிலீஷ் பக்கத்துல ஓ-யு-ஜி-ஹெச் வர்ற வார்த்தைகளை ஒரு பெட்டியில போட்டு, இதுக்கெல்லாம் எந்த ரூலும் கிடையாது, அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோங்கன்னு முடிச்சிருந்தீங்க. என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, அவதான் அதை கட் பண்ணி வச்சுகிட்டு ரெண்டு நாளா உரு போட்டா, மூணாவது நாள் கேட்டா எல்லாத்தையும் கலந்து அடிக்கிறா. தப்பு அவ மேல இல்லன்னுதான் இந்த லெட்டர்.

நானும் அடிபட்டவன்தான். ஒரு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் ஒரு ரிப்போர்ட்டை சத்தமா படிச்சேன், அதுல வறட்சின்னு அர்த்தம் வர்ற ட்ரௌட் இருந்துச்சு, நான் பாட், தாட் மாதிரி ட்ராட், ட்ராட்னு நாலு தடவை கம்பீரமா படிச்சு முடிச்சேன், ஒருத்தரும் திருத்தல. முடிஞ்சு வெளிய வந்தப்புறம் ஒரு ஜூனியர் மெதுவா சொன்னான். அன்னைலேர்ந்து இந்த ஜி-ஹெச் மேல எனக்கு ஒரு கண்ணு.

முதல்ல உங்க லிஸ்டையே கொஞ்சம் பிரிச்சுப் பார்த்திருக்கலாம். பின்னாடி ஒரு டி சேர்ந்தா கிட்டத்தட்ட எல்லாமே ஒரே ஓசைதான் சார், வாங்கினதுக்கு பாட், கொண்டு வந்ததுக்கு ப்ராட், சண்டை போட்டதுக்கு ஃபாட், தேடினதுக்கு ஸாட், நினைப்புக்கு தாட். அன்றாடம் பார்க்கிற வார்த்தைகள்ல இதுல அடங்காதது என் மானத்தை வாங்கின அந்த வறட்சி ஒண்ணுதான். ஃப் சத்தம் வர்றது எவ்வளவுன்னு எண்ணுங்க: ரஃப், டஃப், இனஃப், இருமலுக்கு காஃப், மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டிக்கு ட்ராஃப், இதுக்கு மேல தேடினாதான் கிடைக்கும். ஓ-ன்னு முடியுறது பிசைஞ்ச மாவுக்கு டோ, அப்புறம் தோ, ஆல்தோ. ஔ-ன்னு முடியுறது கலப்பைக்கு ப்ளௌ, மரக்கிளைக்கு பௌ. ஊ சத்தத்துக்கு த்ரூ மட்டும் தனியா நிக்குது. இப்படி சின்னச் சின்னக் குடும்பமா பிரிச்சுக் குடுத்தா புள்ளைங்களுக்கு ஒரு சாயங்காலம் போதும். ஒரே பெட்டியில மூட்டை கட்டிக் குடுத்தா யாருக்கு நிக்கும்?

சரி, இந்த எழுத்து ஏன் வந்துச்சு, அதை ஒரு வரிகூட சொல்லலையே சார், எனக்கு அதுதான் பெரிய குறை. ஒரு காலத்துல அது சத்தமா இருந்த எழுத்து. தொண்டையைச் செருமுற மாதிரி ஒரு கரகரப்பான ஹ, அதைத்தான் பழைய இங்கிலீஷ்ல வெறும் ஹெச் போட்டு எழுதினாங்க, 1066-ல பிரான்ஸ் பக்கத்துலேர்ந்து நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சு பிரெஞ்சுப் பழக்கத்துல எழுதுறவங்க கையில பேனா போனப்புறம் அது மெல்ல மெல்ல ஜி-ஹெச் ஆச்சு. ஜெர்மன் தெரிஞ்சவங்க யாரையாவது ராத்திரிக்கு என்ன வார்த்தைன்னு கேட்டுப் பாருங்க, நாக்ட்டும் இல்லாம நாஹ்ட்டும் இல்லாம தொண்டையில உரசிகிட்டு ஒண்ணு சொல்வாங்க. நைட்ல நாம முழுங்கிட்ட ஜி-ஹெச் அதேதான். வெளிச்சம், மகள், எட்டு, சிரிக்கிறது, எல்லாத்துக்கும் ஜெர்மன் ஜோடி இருக்கு, எல்லாத்துலயும் அந்தக் கரகரப்பு இன்னும் உயிரோட இருக்கு.

இங்கிலீஷ்காரன் வாயில அந்தச் சத்தம் தேய ஆரம்பிச்சுது. சில ஊர்ல சுத்தமா காணாமப் போச்சு, சில ஊர்ல வார்த்தைக் கடைசியில ஃப்-ஆ மாறிடுச்சு, அப்புறம் எல்லா ஊர்ப் பேச்சும் கலந்து பொது இங்கிலீஷ் ஆனப்ப இந்த வார்த்தை இந்த ஊர்லேர்ந்து, அந்த வார்த்தை அந்த ஊர்லேர்ந்துன்னு எடுத்துகிட்டாங்க, வட்டார வழக்கு தெரிஞ்ச நமக்கு இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. அதே சமயத்துலதான் உயிரெழுத்து ஓசைகளும் இடம் மாறிகிட்டு இருந்துச்சு, 1476-ல இங்கிலாந்தோட முதல் அச்சுக்காரர் காக்ஸ்டன் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ல அச்சு மெஷின் போட்டப்புறம் ஸ்பெல்லிங் கொஞ்சம் கொஞ்சமா உறைய ஆரம்பிச்சுது, வாய் மட்டும் நிக்காம போயிட்டே இருந்துச்சு. பேய்க்கு கோஸ்ட்னு எழுதுறப்ப வர்ற ஹெச் அதுக்கு முன்னாடி கிடையாது, காக்ஸ்டன் ரொம்ப வருஷம் இன்னைக்கு பெல்ஜியம்னு சொல்ற ஃபிளாண்டர்ஸ் பக்கம் இருந்தவர், அங்கத்து எழுத்துப் பழக்கம் ஒட்டிகிட்டு வந்ததுன்னுதான் சொல்றாங்க. அந்தப் பேய்க்கும் தொண்டைச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல. டிலைட் அதைவிட மோசம், பிரெஞ்சு வழியா வந்த வார்த்தை, பக்கத்துல லைட்டைப் பார்த்து இதுவும் அந்தக் குடும்பம்னு நினைச்சு ஜி-ஹெச் மாட்டி விட்டுட்டாங்க.

நம்ம க-வை எடுத்துக்கோங்க, பக்கம், தங்கம், பகல், மூணுலயும் மூணு சத்தம். யாராவது உருப் போட்டோமா? இடம் பார்த்து நாக்கு தானா மாறுது. இங்கிலீஷும் அவ்வளவு ஒழுங்குன்னு நான் சொல்ல வரல, காஃப்க்கும் தோவுக்கும் நடுவுல எந்த ரூலும் என்னால கண்டுபிடிக்க முடியல, லாஃப்டர் முன்னாடி ஒரு எஸ் போட்டா சிரிப்பு போய் கொலை ஆகுது, ஓசையும் ஸ்லாட்டர்னு மாறிடுது, என்ன பண்ண. ஆனா இடத்தைப் பார்க்கிற புத்தி அங்கயும் உதவும். ஜி-ஹெச் வார்த்தை ஆரம்பத்துல வந்தா ஃப்-னு ஒலிக்கவே ஒலிக்காது.

அதனாலதான் நீங்க கீழ போட்டிருந்த ஜோக்கும் இடிக்குது. இனஃப்ல வர்ற ஜி-ஹெச், விமென்ல வர்ற ஓ, நேஷன்ல வர்ற டி-ஐ, மூணையும் சேர்த்தா ஃபிஷ், அப்படின்னு பெர்னார்ட் ஷா சொன்னதா எழுதியிருந்தீங்க. இந்த ஜோக் 1855-ல எழுதின ஒரு லெட்டர்லயே இருக்கு சார், ஷா பொறந்தது 1856. வயித்துக்குள்ள இருந்து சொன்னாரா? அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போட்டுடுங்க.

கடைசியா, விக்கலுக்கான வார்த்தையையும் அதே பெட்டியில ஒன்பதாவது ஓசைன்னு சேர்த்திருக்கீங்க, தயவுசெஞ்சு எடுத்துடுங்க. அதோட பழைய ஸ்பெல்லிங்ல ஜி-ஹெச்சே கிடையாது, அது ஹிக்கப்தான். விக்கலும் இருமல் வகைதான்னு யாரோ நினைச்சுகிட்டு பின்னாடி காஃபைக் கொண்டுவந்து ஒட்டின கோளாறு அது. என் பொண்ணு இப்ப அதை ஹிக்காஃப்னு படிச்சுகிட்டு இருக்கா.

இப்படிக்கு,
இங்கிலீஷ் பக்கத்தை முதல்ல திறக்கிற ஒரு வாசகன்